நைட்ரோ ஆர்.சி. காரில் கார்புரேட்டர் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வாரம் நன்றாக ஓடின ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓட்டும் சிறிய கார்) இன்று ஐடிலில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு தடவை ரேஸ் ஏறிக் கத்துகிறது, அடுத்த தடவை அணைந்துபோகிறது. கார்புரேட்டர் ஊசிகளை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) எந்தப் பக்கம் திருப்பினாலும் பலன் இல்லை. இப்படி வந்து கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எஞ்சின் ஆறியதும் கார்புரேட்டரை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கீழே இருப்பவை 1/10, 1/8 அளவு கார்களில் வரும் சிறிய க்ளோ எஞ்சின்களுக்கான பதில்கள். அதாவது 2.1 சி.சி. முதல் 4.6 சி.சி. வரை உள்ள, மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெட்ரோலில் ஓடும் பெரிய 1/5 கார்களில் கார்புரேட்டரைப் பொருத்தும் முறையே வேறு என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

கார்புரேட்டர் கொஞ்சம் ஆடினால் அப்படி என்ன ஆகிவிடும்?

இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் பாதி காற்றுதான் வாய்க்கு வரும். இங்கேயும் அதேதான். பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழே உள்ள க்ராங்க்கேஸ் அறைக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியாகக் காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே வரவேண்டும். கார்புரேட்டரின் அடிக்கழுத்து எஞ்சினோடு ஒட்டி உட்காராமல் இருந்தால், அந்த இடுக்கு வழியாகவும் காற்று நுழைகிறது. மெக்கானிக்குகள் ‘ஏர் இழுக்குது’ என்று சொல்வது இதைத்தான். இந்தக் காற்று ஊசியைத் தாண்டிய பிறகு உள்ளே வருகிறது. அதனால் எந்த ஊசியாலும் இதை அளந்து கட்டுப்படுத்த முடியாது. கலவையில் எரிபொருள் குறைந்து, எஞ்சின் லீனாக ஓடுகிறது.

லீனாக ஓடினால் நமது எஞ்சின்களுக்கு இரண்டு பக்கமும் அடி. இவற்றில் தனியாக ஆயில் பம்ப் கிடையாது. எரிபொருளிலேயே 8 முதல் 18 சதவீதம்வரை எண்ணெய் கலந்திருக்கிறது, பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதுதான் ஒரே மசகு. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. அடுத்தது வெப்பம். மெத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு எஞ்சினைக் குளிர வைக்கும், அந்தக் குளிர்ச்சியும் போய்விடுகிறது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பார்க் பிளக் உள்ள எஞ்சினில் எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்பதை மின்சுற்று முடிவு செய்கிறது. க்ளோ பிளக்கில் அப்படி இல்லை. ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947-இல் கொண்டுவந்த இந்தப் பிளக்கில் இருப்பது ஒரு பிளாட்டினக் கலவைச் சுருள் மட்டுமே. மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து அது கனன்றுகொண்டே இருக்கும். எரிதல் எப்போது தொடங்கும் என்பது உள்ளே இருக்கும் சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினால் எரிதல் முன்கூட்டியே தொடங்கும், முன்கூட்டியே தொடங்கினால் சூடு இன்னும் கூடும். ஆட்டம் கண்ட ஒரு கார்புரேட்டரால் சில நிமிடங்களில் பிஸ்டன் வீணாவதற்குக் காரணம் இந்தச் சுழல்தான்.

ஆட்டம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திராட்டில் ராடை (ரிமோட்டுக்கு ஏற்ப அசையும் சர்வோ மோட்டாரைக் கார்புரேட்டரோடு இணைக்கும் கம்பி) கழற்றிவிட வேண்டும். கார்புரேட்டரின் உடலைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள், பிறகு மேலே தூக்கிப் பாருங்கள். நன்றாகப் பொருந்திய கார்புரேட்டர் எஞ்சினோடு வார்த்தது போல நிற்கும். ஒரு மயிரிழை சுழன்றாலும், லேசாக மேலே எழும்பினாலும் அது ஆட்டம்தான்.

அடுத்தது கண். கார்புரேட்டர் கழுத்தைச் சுற்றி ஈரமாக எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கருப்பு வளையமாகப் படிந்திருக்கும். எஞ்சினின் மற்ற பகுதிகள் சுத்தமாக இருந்து அங்கே மட்டும் அழுக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓடும்போது தெரியும் அறிகுறிகள்: வேகமாக ஓட்டி திராட்டிலை விட்டதும் ரேஸ் உடனே இறங்காமல் உச்சத்திலேயே சில நொடி தொங்கும். ஐடில் ஒரு சீராக இருக்காது. டேங்கில் எரிபொருள் குறையக் குறைய நிலைமை மோசமாகும். சைலன்சரிலிருந்து வரும் வெள்ளைப் புகை மெலிந்துவிடும். வெப்பமானியை க்ளோ பிளக் பக்கம் காட்டினால் வழக்கமான 100 முதல் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும்.

கையால் அசைத்தால் ஆடவில்லை, ஆனாலும் சந்தேகம் இருக்கிறது என்றால், எஞ்சினைக் காரிலிருந்து கழற்றி அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து வையுங்கள். அந்த நிலையில் எக்ஸாஸ்ட் துளை மூடியிருக்கும், க்ராங்க்கின் உறிஞ்சு துளை திறந்திருக்கும். திராட்டிலை முழுதாகத் திறந்து, கார்புரேட்டர் வாயை விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் நுழையும் குழாயில் ஒரு டியூபை மாட்டி, காலி சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி முன்பே சில சொட்டு எண்ணெய் விட்டிருந்தால், கசிகிற இடத்தில் குமிழ் வரும். சோப்புத் தண்ணீர் வேண்டாம், பேரிங் துருப்பிடிக்கும். வாயால் ஊதவும் வேண்டாம், டியூபில் மிச்சமிருக்கும் மெத்தனால் நஞ்சு. முன் பேரிங் பக்கம் மிகச் சிறிய குமிழ் வந்தால் பயப்பட வேண்டாம். பல எஞ்சின்களில் அது சாதாரணம்.

ஊசியைத் திறந்து எரிபொருளைக் கூட்டிவிட்டால் போதாதா?

போதாது. நான் இதை நம்பிக் கெட்டவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பழைய 1/8 பக்கி ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருந்தேன், 3.5 சி.சி. எஞ்சின். லீனாக ஓடுகிறது என்று தெரிந்தது, அதனால் ஹை-ஸ்பீட் ஊசியைக் கால் சுற்று திறந்தேன். ஒரு டேங்க் நன்றாக ஓடியது. அடுத்த டேங்கில் புகையோ புகை, முக்கி முக்கி ஓடியது. மூடினேன். பத்து நிமிடத்தில் மறுபடி லீன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின, நான்காவது ஞாயிறு கனெக்டிங் ராட் உடைந்தது. எஞ்சினைப் பிரித்த நண்பர் முதலில் தொட்டதே கார்புரேட்டரைத்தான். அது அவர் விரலோடு சேர்ந்து சுழன்றது.

காரணம் எளிது. இடுக்கு வழியாக நுழையும் காற்று ஒரே அளவில் இருப்பதில்லை. கார் குலுங்கினால் இடுக்கு அகலும், எஞ்சின் சூடாகி அலுமினியம் விரிந்தால் மாறும், திருப்பத்தில் கார்புரேட்டர் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபடி மாறும். நிலையாக இல்லாத கசிவை நிலையான ஒரு ஊசியால் ஈடுகட்ட முடியாது. கசிவை அடைத்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும்.

கார்புரேட்டர் எஞ்சினில் எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. க்ராங்க்கேஸின் முன்பக்கம் மேலே ஒரு வட்டத் துளை இருக்கும். கார்புரேட்டரின் உருளைக் கழுத்து அதற்குள் இறங்குகிறது. கழுத்தின் தோள்பட்டையில் ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். அது க்ராங்க்கேஸின் விளிம்போடு நசுங்கி உட்கார்ந்தால்தான் காற்று புகாது.

கழுத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். க்ராங்க்கேஸைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு ஒரு பிடி போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போகிறது. போல்டின் உடலில் பிறை வடிவில் அல்லது சரிவாக ஒரு வெட்டு இருக்கும். மறுமுனையில் உள்ள நட்டை முடுக்க முடுக்க, அந்தச் சரிவு ஆப்பு மாதிரி வேலை செய்து கழுத்தைக் கீழே இழுத்து இறுக்கும். சில எஞ்சின்களில் ஒரே போல்டுக்குப் பதிலாக இரண்டு பக்கமிருந்தும் ஆப்புத் துண்டுகள் வந்து கழுத்தைக் கவ்வும்.

கவனிக்க வேண்டியது, இந்த ஆப்பு கார்புரேட்டரைக் கீழே இழுக்கும் தூரம் மிகவும் குறைவு. கார்புரேட்டரை நாம் முதலிலேயே அடிவரை அழுத்தி வைக்கவில்லை என்றால், போல்ட் எவ்வளவு இறுகினாலும் ஓ-ரிங் நசுங்காது. கையால் அசைத்தால் ஆடாது, ஆனால் ஏர் இழுக்கும். புதிதாக மாட்டுபவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதலிடம்.

என்னென்ன கருவிகள் தேவை?

2 மி.மீ., 2.5 மி.மீ. ஆலன் கீ, 5.5 மி.மீ., 7 மி.மீ. நட் டிரைவர் அல்லது ஸ்பேனர் (எம்3 நட்டுக்கு 5.5, எம்4 நட்டுக்கு 7), சிறிய பிரஷ், பஞ்சு சுற்றிய குச்சிகள், பஞ்சு பிரியாத துணி, புது ஓ-ரிங், எஞ்சினுக்கான ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓட்டி முடித்த பிறகு எஞ்சினுக்குள் விடுவது). ஆலன் கீ மட்டும் நல்லதாக வாங்குங்கள். காருடன் வரும் மலிவான எல்-கீயின் முனை சீக்கிரம் மழுங்கி, போல்டின் தலையையும் கெடுத்துவிடும்.

சரி, கழற்றி மாட்டுவதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

எஞ்சின் முழுதாக ஆற வேண்டும். டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு ஏர் ஃபில்டரைத் தொடுவதற்கு முன்பே சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். கார்புரேட்டரை எடுத்தவுடன் கீழே தெரிவது நேராக க்ராங்க் ஷாஃப்ட்டின் வாய். அதற்குள் நாலு மணல்துகள் விழுந்தால் பேரிங்கையும் ஸ்லீவையும் (பிஸ்டன் ஓடும் உருளை) அரைத்துவிடும். ஆட்டத்தைச் சரிசெய்யப் போய் எஞ்சினைக் கெடுத்த கதைகள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

திராட்டில் ராடின் பந்து மூட்டைக் கழற்றுங்கள், எரிபொருள் டியூபை எடுங்கள். கழற்றும் முன் கார்புரேட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மிகவும் உதவும். ஊசிகளைத் தொட வேண்டாம்.

பிடி போல்டின் நட்டைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றியதும் போல்ட் தானாக வராது. நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் திரும்ப மாட்டி, அதன்மேல் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் ஆப்பு விடுபடும். மரையை நேராகத் தட்டினால் நசுங்கிவிடும். அப்புறம் கார்புரேட்டரை மெல்லத் திருகியபடி மேலே உருவுங்கள். எண்ணெய் காய்ந்து ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் க்ராங்க்கேஸைச் சூடாக்கினால் இளகும். ஸ்க்ரூடிரைவரை இடையில் விட்டு நெம்ப வேண்டாம், விளிம்பில் கோடு விழுந்தால் அந்த இடத்தில் ஓ-ரிங் இனி ஒருபோதும் அடைக்காது.

எடுத்தவுடன் திறந்த துளைக்குள் சுத்தமான துணியைச் செருகி மூடுங்கள். இப்போது பழைய ஓ-ரிங்கைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு தட்டையாகியிருந்தால், நகத்தால் அழுத்தினால் மீளாமல் விறைத்திருந்தால், கீறல் இருந்தால் தூக்கிப்போடுங்கள். கழுத்தையும் க்ராங்க்கேஸ் விளிம்பையும் சிறிது மெத்தனால் எரிபொருள் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கடையில் விற்கும் கடுமையான கார்புரேட்டர் கிளீனர் ரப்பரையும் பிளாஸ்டிக் உடலையும் தின்றுவிடும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

புது ஓ-ரிங்கில் மெல்லிசாக எண்ணெய் தடவி, முறுக்கிக்கொள்ளாமல் தோள்பட்டைவரை தள்ளி உட்கார வையுங்கள். துளையிலிருந்து துணியை எடுத்துவிட்டு கார்புரேட்டரை நேராக இறக்குங்கள். போல்டைச் செருகும்போது அதன் வெட்டு கழுத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டைக் கையால் சுற்றுங்கள். படத்தைப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்யுங்கள்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். இடது கைக் கட்டைவிரலால் கார்புரேட்டரைக் கீழ்நோக்கி நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வலது கையால் நட்டை இறுக்குங்கள். ஓ-ரிங் நசுங்குவது விரலுக்குத் தெரியும். இறுகும்வரை அழுத்தத்தை விடக்கூடாது. இரு பக்க ஆப்பு உள்ள எஞ்சினாக இருந்தால் ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் அரைச் சுற்று என மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

ஆலன் கீயின் குட்டைக் கையையோ ஸ்பேனரையோ பிடித்து இரண்டு விரலால் திருப்பும்போது ‘நின்றுவிட்டது’ என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம். நீளமான கம்பியை மாட்டி முழு பலத்தையும் காட்டத் தேவையில்லை. இன்றைய கார்புரேட்டர்கள் பலவற்றின் உடல் பிளாஸ்டிக் கலவையால் ஆனது. அதிகமாக இறுக்கினால் கழுத்து முட்டை வடிவத்துக்கு நசுங்கும், உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் பேரல் (உருளை) ஒட்டிக்கொண்டு திராட்டில் திரும்பாது. இறுக்கிய பிறகு திராட்டில் கையை அசைத்துப் பாருங்கள், முன்பு போலவே தடையில்லாமல் நகர வேண்டும்.

போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை. மரை போய்விட்டதா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் நல்ல செய்தி என்னவென்றால், இந்த வகைப் பொருத்தத்தில் மரை இருப்பது போல்டிலும் நட்டிலும்தான், க்ராங்க்கேஸில் இல்லை. பிடி போல்ட் செட் தனி உதிரிபாகமாகக் கிடைக்கும், எஞ்சின் மாடலைச் சொல்லி வாங்கி மாட்டினால் முடிந்தது. சாதாரண எம்3 போல்டை அதற்குப் பதிலாகப் போட்டு ஓட்டாதீர்கள். அதில் சரிவு வெட்டு இல்லாததால் கழுத்து கீழே இழுபடாது.

ஓ-ரிங்கை ஹார்டுவேர் கடையில் வாங்கலாமா?

வாங்காதீர்கள் என்றே சொல்வேன். தண்ணீர்க் குழாய்க்கு வைத்திருக்கும் ரப்பர் மெத்தனாலிலும் நைட்ரோமீத்தேனிலும் ஊறி உப்பலாம். கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இங்கே பெரிது. எஞ்சின் நிறுவனத்தின் கார்புரேட்டர் ஓ-ரிங் செட் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊசிகளுக்கான சின்ன ஓ-ரிங்குகளும் அதிலேயே இருக்கும்.

சிலிகான் பசை பூசி அடைக்கலாமா?

பூசலாம், ஆனால் ஓ-ரிங்குக்குப் பதிலாக அல்ல, அதற்குத் துணையாக. ஆட்டோமொபைல் கடைகளில் கிடைக்கும் அதிக வெப்பம் தாங்கும் ஆர்.டி.வி. சிலிகான் சரிப்படும். இரண்டு பரப்புகளிலும் எண்ணெய் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. கழுத்தின் தோள்பட்டையில், வெளிவிளிம்பில் மட்டும், நூல் மாதிரி ஒரு வளையம் போதும். உள்பக்கம் பிதுங்கினால் அது உடைந்து க்ராங்க் ஷாஃப்ட் வழியாக எஞ்சினுக்குள் போகும். பூசிய பிறகு 24 மணி நேரம் காய விடுங்கள்.

என் சொந்தக் கருத்து: புது ஓ-ரிங் ஒழுங்காக உட்கார்ந்தால் சிலிகான் தேவைப்படாது. க்ராங்க்கேஸ் விளிம்பில் பழைய கீறல் இருந்தால் மட்டும் அதை நாடுங்கள். போல்ட் தளர்ந்து ஆடுகிற கார்புரேட்டரைச் சிலிகானால் ‘ஒட்டி’ வைப்பது இரண்டே டேங்கில் பிய்ந்துவிடும்.

திரெட் லாக் போடலாமா?

நட்டு தளராமல் மரையைப் பிடித்துவைக்கும் இந்தப் பசையில் நீல நிற வகை ஒரு சொட்டு, அதுவும் எண்ணெய் துடைத்த பிறகு. சிவப்பு வேண்டவே வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. பிளாஸ்டிக் கழுத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விட வைக்கும்.

இறுக்கியாகிவிட்டது. இன்னும் ஏர் இழுக்கிறது. வேறு எங்கே பார்ப்பது?

எஞ்சினின் பின்மூடியில் நான்கு ஸ்க்ரூ இருக்கும், குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். புல் ஸ்டார்ட்டர் உள்ள எஞ்சினில் அதன் தண்டு பின்மூடியைத் துளைத்து வரும் இடம் சந்தேகத்துக்குரியது. க்ளோ பிளக் செம்பு வாஷர் வைக்கும் வகை என்றால் அந்த வாஷர் கீழே இருக்கிறதா என்று பாருங்கள், பிளக் மாற்றும்போது அது விழுந்து காணாமல் போவது சகஜம்.

அதன் பிறகு எரிபொருள் வரும் பாதை. டியூபில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால், சர்வோ கம்பியிலோ சேஸியிலோ உரசித் தேய்ந்திருந்தால், டியூபுக்குள் காற்றுக் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். டேங்க் மூடியின் ரப்பர் கிழிந்திருந்தாலும், சைலன்சரிலிருந்து டேங்குக்கு வரும் அழுத்தக் குழாய் கழன்றிருந்தாலும் எரிபொருள் போதுமான அழுத்தத்தோடு வராது. இதுவும் லீனாகத்தான் காட்டும். டியூபின் விலை சொற்பம். சந்தேகம் வந்தால் ஆராயாமல் மாற்றிவிடுவேன்.

கார்புரேட்டர் எஞ்சினில் உறுதியாக இருக்கிறது, ஆனால் அதன் பாகங்கள் ஆடுகின்றன. அதுவும் கோளாறுதானா?

ஆம், இதுவும் ‘கார்புரேட்டர் லூஸ்’ என்றே சொல்லப்படுகிறது, ஆனால் வைத்தியம் வேறு. ஸ்லைடு வகையில் நீளவாக்கில் நகரும் உருளையின் மேல் அக்கார்டியன் போல மடிப்பு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்தால் காற்றும் மண்ணும் உள்ளே போகும், மண் போய்த் தேய்த்தால் உருளையே ஆட ஆரம்பிக்கும். உறையை மாற்றுவது மலிவு, உருளை தேய்ந்துவிட்டால் முழு கார்புரேட்டரும் மாற்ற வேண்டும். சுழலும் பேரல் வகையிலும் தேய்மானம் இப்படித்தான்.

ஊசி தானாகத் திரும்பிக்கொள்கிறது என்றால் அதன் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. விரலால் தொட்டாலே சுழலும் ஊசி அதிர்வில் நிச்சயம் நகரும். மாற்றும்போது, முதலில் ஊசியை மெல்ல முழுதாக உள்ளே மூடி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே எண்ணிக்கைக்குத் திரும்பலாம். மூடும்போது கடைசியில் அழுத்தி இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் போலத் தடம் விழுந்து வீணாகும்.

எரிபொருள் நுழையும் மூட்டில் இரண்டு பக்கமும் மெல்லிய வாஷர் இருக்கும். ஒன்று தொலைந்தாலும் அங்கே காற்று இழுக்கும்.

மாட்டிய பிறகு கார் தானாக வேகமெடுத்து ஓடுகிறது. ஏன்?

உடனே நிறுத்துங்கள். கையுறை அல்லது தடித்த துணியோடு எரிபொருள் டியூபைக் கிள்ளினால் எஞ்சின் அணையும். கார்புரேட்டரின் கோணம் சில டிகிரி மாறினாலே திராட்டில் ராடு நேர்கோட்டில் இல்லாமல் முறுகி நிற்கும், சர்வோ விட்டாலும் திராட்டில் மூடாது. ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும், எஞ்சினைக் கிளப்பும் முன்பு, ரிமோட்டையும் ரிசீவரையும் போட்டுப் பாருங்கள். ட்ரிகரை விட்டால் ஏர் ஃபில்டர் வாய் வழியாக ஒரு மி.மீ. அளவு இடுக்கு மட்டும் தெரிய வேண்டும். முழுதாக இழுத்தால் முழுதாகத் திறக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது திராட்டில் துளியும் திறக்கக் கூடாது. திராட்டிலை மூடும் பக்கமாக இழுக்கும் ஒரு ஸ்பிரிங்கையும் மாட்டிவிடுங்கள். ராடு கழன்றால்கூட அது காப்பாற்றும். மூன்று கிலோ எடையுள்ள கார் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குழந்தையின் காலில் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுபடி ட்யூனிங் செய்ய வேண்டுமா?

வேண்டும். ஆட்டம் இருந்த காலத்தில் ஊசிகளைத் திறந்து வைத்திருந்தால், கசிவு அடைபட்டவுடன் எஞ்சின் ரிச்சாகிவிடும், அதாவது கலவையில் எரிபொருள் கூடிவிடும். புகை மண்டும், ரேஸ் கொடுத்தால் இழுக்காது. எஞ்சினின் கையேட்டில் உள்ள ஆரம்ப நிலைக்கே ஊசிகளைக் கொண்டுவருவதுதான் சுருக்கமான வழி.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். முதலில் ஹை-ஸ்பீட் ஊசி. கடிகார முள்ளில் ஒரு மணி நேரம் நகர்வது போல, பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பி, நேர்ப்பாதையில் இரண்டு மூன்று முறை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த மாற்றம். வெள்ளைப் புகைக்கோடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். பிறகு லோ-ஸ்பீட் ஊசி: ஐடிலில் டியூபைக் கிள்ளினால் இரண்டு முதல் நான்கு நொடிக்குள் ரேஸ் லேசாக ஏறி அணைய வேண்டும். உடனே அணைந்தால் லீன், ரொம்ப நேரம் ஓடினால் ரிச். கடைசியாக ஐடில் ஸ்க்ரூ. கசிவு போனதால் ஐடில் முன்பைவிடத் தாழ்ந்திருக்கும், அது நல்ல அறிகுறி.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சூடும் ஈரமும் உள்ள காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால் மதியம் ஓட்டும்போது எஞ்சின் கொஞ்சம் ரிச்சாகத் தெரியும். குளிர்ந்த மார்கழிக் காலையில் அதே நிலை லீனாகிவிடும். இந்த மாற்றம் இயல்பானது, ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம்.

சரிசெய்தும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழன்றுவிடுகிறதே?

நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் நொடிக்கு 500. அந்த அதிர்வில் எந்த நட்டும் கொஞ்சம் தளரத்தான் பார்க்கும். ஆனால் அடிக்கடி கழன்றால் வேறு காரணம் இருக்கும். எஞ்சின் மவுண்ட் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கலாம், பிளைவீலோ கிளட்ச்சோ கோணலாகி அதிர்வைக் கூட்டலாம். கார் தலைகுப்புற விழும்போது தரையில் முட்டுவது ஏர் ஃபில்டர், அது நெம்புகோல் மாதிரி கார்புரேட்டரைத் திருகும். பாடி ஷெல் கிழிந்து ஃபில்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள். காரைத் தூக்கும்போது ஃபில்டரையோ கார்புரேட்டரையோ பிடித்துத் தூக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து சேஸியைப் பிடியுங்கள். திராட்டில் சர்வோவின் தூரம் அதிகமாக அமைந்து, முழுதாகத் திறந்த பிறகும் ராடு தள்ளிக்கொண்டே இருந்தாலும் கார்புரேட்டர் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். ரிமோட்டில் எண்ட் பாயிண்ட்டை (சர்வோ நகரும் எல்லை) குறையுங்கள்.

வேலை செய்யும்போது பாதுகாப்புக்கு என்ன?

கள்ளச்சாராயச் சாவுகளில் பெயர் அடிபடும் அதே மெத்தனால்தான் நம் எரிபொருளின் பெரும்பகுதி. கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதால் நைட்ரைல் கையுறை போடுங்கள், ஜன்னல் திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள். வெயிலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, தீப்பிடித்ததே தெரியாமல் கை வைத்துவிடுவோம். எரிபொருளைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

கொஞ்ச நாள் லீனாகவே ஓட்டிவிட்டேன். எஞ்சின் தப்பித்திருக்குமா?

க்ளோ பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுருள் பளபளப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் நிம்மதி. சாம்பல் நிறமாகி, நெளிந்து, வெண்பனி படிந்தது போல இருந்தால் நன்றாகச் சூடேறியிருக்கிறது. பிளக்கை மாற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டிவிட்டு, ஆறிய எஞ்சினின் பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். பித்தளை ஸ்லீவ் மேலே போகப்போக மெல்லக் குறுகும்படி செய்யப்பட்டிருப்பதால், புது எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு இன்னும் இருந்தால் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது. எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு தாண்டினால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி பிளைவீலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். ‘டிக் டிக்’ என்று விரலுக்குத் தெரிந்தால் கனெக்டிங் ராட் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் ஓட்டக்கூடாது. ராடின் விலை குறைவு. உடைந்தால் அது பிஸ்டன், ஸ்லீவ், க்ராங்க்கேஸ் மூன்றையும் சேர்த்துக்கொண்டு போகும்.